செரேனுஸ் சாமியின் அத்திப்பழம்

செரேனுஸ் சாமி இடது சட்டைக்கையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினால், யாரோ கேள்வி கேட்டு அவரை மடக்கிவிட்டார்கள் என்று பொருள். முடிச்சுக்குள் காய்ந்த அத்திப்பழங்கள் இருக்கும். ஒன்றை எடுத்து, ஊதித் தூசு தட்டி, மடக்கியவர் உள்ளங்கையில் வைப்பார். "மாட்டிக்கிட்டேன், போங்க" என்பார். முகத்தில் வருத்தம் துளியும் இருக்காது. பந்தயத்தில் ஜெயித்தவன் கூட அப்படிச் சிரிக்கமாட்டான்.

பழத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பதில் கிடைக்கிற அன்று பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் கொடுத்ததில்லை. பகலெல்லாம் உபவாசம் இருந்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவன் கையில் அத்திப்பழம் விழுந்தால் அதை எவ்வளவு நேரம் வைத்துக் காப்பான்? எனக்கும் ஒரு வருடம் ஒன்று கிடைத்தது. என்ன கேட்டேன் என்பது மறந்துவிட்டது. பழம் இனித்தது நினைவிருக்கிறது.

கிறிஸ்து உயிர்த்தெழுந்த பாஸ்கா நாளில் ஞானஸ்நானம் பெறுவதற்காகப் பேர் கொடுப்பவர்களுக்கு, அதற்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலம் முழுவதும் பாடம் சொல்வது அவர் வேலை. முப்பதைத் தாண்டியிருப்பாரோ என்னவோ. முன்னே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அவருக்கு அப்பன் வயது, அத்தை வயது. ஆகையால் எல்லோரும் அவருக்கு அண்ணே, அக்காதான். நெட்டையான ஆள், முன்பக்கம் கொஞ்சம் வளைந்திருப்பார். குரல் தகரத்தில் கல்லை இழுத்ததுபோல இருக்கும். கயிறு திரிக்கிறவர் வீட்டுப் பிள்ளை. அக்குயிலேயா பட்டணத்துக்குப் போய்ப் பெரிய ஆசான்களிடம் படித்துவிட்டு, அங்கேயே இருங்கள் என்று அவர்கள் சொல்லியும் கேட்காமல், இந்த நாற்றத்துக்குத் திரும்பி வந்தவர்.

நாற்றம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊரின் தொழில் மீன்சாறு. மத்தியையும் அயிலையையும் குடலோடு உப்பில் போட்டு, வெயிலில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. ஜாடி ஜாடியாக ரோமாபுரி வரை போகிறது; அங்கே மோந்து பார்த்துப் புகழ்கிறார்களாம். மீன் ஊறுகிற தொட்டித் தெருவில் வந்து நின்று புகழட்டும், பார்க்கலாம்.

இந்த ஊரில் போய்த் தவக்காலத்தில் குளிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம். பேர் கொடுத்தவர்கள் சாம்பல் பூசினதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பாஸ்காவுக்கு முந்தின வியாழன் வரை உடம்பில் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். நான் இந்த ஊர்க் குளியல்கூடத்தைக் குத்தகைக்கு நடத்துகிறவன். தவக்காலம் வந்தால் என் வயிற்றில் அடி. அதைவிட மோசம் தொட்டித் தெரு ஆட்கள் குளிக்காமல் நடமாடுவது. கோயிலில் அவர்களுக்கு இடம் கொடுக்க மாட்டேனென்று மணியக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்ளவே, சாமி வகுப்பைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய்க் கிடங்குக்கு மாற்றினார். அதோடு விட்டாரா? ஞானஸ்நானம் பெற்ற சாமியார் தாராளமாகக் குளிக்கலாம். இவர் குளிப்பதில்லை.

"என் ஆளுங்க நாறும்போது நான் மட்டும் மணக்க முடியுமாண்ணே?"

"உங்களுக்கு வேணாம் சாமி. எதிர்ல வர்றவனை நினைச்சுப் பாருங்க."

"அவனும் ஒரு வருஷம் பேர் கொடுப்பான். அப்ப நான் மூக்கைப் பிடிக்கமாட்டேன்."

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்ல? எதிரே வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது அவருடைய இன்னொரு வியாதி. ரொட்டி சுடுகிறவனிடம், புளித்த மாவு நேற்றைய மாவா இன்றைய மாவா என்று கேட்டு அரை நாள் நிற்பார். செருப்பை எங்காவது விட்டுவிட்டு வருவார். இத்தனைக்கும் படிப்பாளி. உடல் உயிர்த்தெழுவது பற்றி அவர் எழுதிவரும் புத்தகத்துக்கு அக்குயிலேயாவில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். கடைசி அதிகாரத்தைப் போன பாஸ்காவுக்கே முடித்துவிட்டார் என்று எங்கள் சபைத் தலைவரான ஆயர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரத்துக்கு வந்த கதியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் நம்புவதைச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை எழுதக் கூடாது என்பது எங்கள் கட்டு. காதால் வாங்கி, நெஞ்சில் வைத்து, பாஸ்காவுக்கு முந்தின சனிக்கிழமை மேடையேறி ஊர்முன்னே வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே இங்கே எழுதமாட்டேன். கடைசி வரி இந்த உடல் எழும் என்பதைப் பற்றியது. அதை மட்டும் சொல்லலாம், சந்தையில் கேலி பேசுகிறவர்களுக்கே தெரிந்த விஷயம். 'இந்த' என்கிற இடத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் விரலால் நெற்றியைத் தொடுவோம். வேறு எந்த உடலும் இல்லை, இதுதான் என்பதற்கு.

இந்த வருடம் பேர் கொடுத்தவர்களில் உர்சா ஒருத்தி. தொட்டித் தெருவில் மீன் வெட்டுகிறவள். கத்திக்கும் நாக்குக்கும் ஒரே கூர். அவள் புருஷன் லூப்புஸ் சில வருடங்களுக்கு முன் கடல்முனைக்கு அப்பால் படகோடு போனான். படகின் ஒரு பலகை வந்தது. அவன் வரவில்லை.

கூடத்தில் ஆள் இல்லாததால் நானும் மாலையில் கிடங்குக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். சாமி கடைசி வரியைச் சொல்லிக் கொடுத்த அன்றும் இருந்தேன். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். உர்சா சொல்லவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா. மெதுவா கேளுங்க."

"எங்க வீட்டுக்காரரு கடல்ல போனாரு. மீன் தின்னுருக்கும். அந்த மீனை நம்ம ஆளுங்கதான் புடிச்சிருப்பாங்க. நான்தான் வெட்டியிருப்பேன். தொட்டியில போட்டு, சாறாக்கி, ஊரே ரொட்டியில தொட்டுத் தின்னுச்சு. ஆயரும் தின்னாரு. நானும் தின்னேன். இப்ப அவரு எழுந்தா எங்கேருந்து எழுவாரு? ஆயரு வயித்துலேருந்தா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவள் சாறு தொடுவதில்லை என்று பக்கத்தில் இருந்தவள் என் காதில் சொன்னாள். வெறும் ரொட்டிதானாம்.

"கடவுளால ஆகாதது உண்டாக்கா?" என்றார் சாமி. சொன்ன உடனே அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது; முகம் காட்டிக்கொடுத்தது.

"அது எனக்கும் தெரியும். அவரால முடியுமான்னு நான் கேக்கல சாமி. யாரு எழுவாங்கன்னு கேக்குறேன். பாதி மீனு, பாதி ஊரு, அதுல எது எங்காளு? தெரியாம அந்த வரியை எப்படிச் சொல்றது? சொல்லாம விட்டா எனக்கு ஞானஸ்நானம் இல்ல. சொன்னா பொய்யி."

சாமி முடிச்சை அவிழ்த்தார். பழத்தை ஊதினார். வைக்கும்போது சிரிப்பு வரவில்லை. அவள் பழத்தைத் தின்னவுமில்லை. முக்காட்டு முனையில் முடிந்துகொண்டாள்.

"பதில் வந்தா திருப்பிக் கேப்பீங்கல்ல. இருக்கட்டும்."

மறுநாள் சாமி என் கூடத்துக்கு வந்தார். கடைசியில் குளிக்கத்தான் வந்துவிட்டார் என்று நினைத்து வெந்நீர் போடச் சொன்னேன். அவர் அங்கியிலிருந்து தோல் ஏடுகளை எடுத்தார். கடைசி அதிகாரம். வெந்நீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஏடாக முக்கி மையைத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் கறுத்தது.

"ஏன் சாமி, நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. உர்சாக்கா இருக்கிற ஊருக்கு ஆகாது."

அந்தத் தவக்காலத்தில் அவர் தண்ணீரில் கை வைத்தது அன்று மட்டும்தான்.

கதை ஊரெல்லாம் பரவியது. பேச்சுக்கலை வாத்தியார் அவிதுஸ் என் காலிக் கூடத்தில் தனியாக மிதந்துகொண்டே சிரித்தார். உடம்பு சிறை, ஆத்துமா கைதி, கதவு திறந்தால் ஓட வேண்டியதுதானே என்பது அவர் கட்சி. வாசலில் சாமியைப் பார்த்ததும் ஈரத் துண்டோடு பிடித்துக்கொண்டார்.

"என்ன செரேனுஸ், உங்க கடவுள் தொட்டித் தெருவுல ஆள் தேடுறாராமே? ஆத்துமா மட்டும் போதும்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்களேன். உங்களுக்கும் வேலை மிச்சம்."

"அவங்க ஆத்துமாவைக் கேக்கல ஐயா. புருஷனைக் கேக்குறாங்க."

"பதில் இருக்கா?"

"இல்ல" என்றார் சாமி. அவிதுஸ் அந்த ஒரு சொல்லைச் சந்தைவரை சுமந்துபோய் எல்லோருக்கும் பங்கு வைத்தார்.

ஆயருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. நல்ல மனுஷர், ஆனால் மேடையில் தடங்கல் என்றால் அவருக்குத் தாங்காது. "பழம் கொடுத்து விளையாடி ஒரு ஆத்துமாவை நட்டாத்துல நிறுத்திட்டீங்க. சனிக்கிழமை அந்தம்மா ஊர் முன்னாடி வாயை மூடிக்கிட்டு நின்னா, அடுத்த வருஷம் பாடம் சொல்ல வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். எல்லோரையும்போல வரியைச் சொல்ல வைத்துவிட்டு, விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று நானும் சாமியிடம் கேட்டேன். "நம்பாத வரியைச் சொல்லச் சொன்னா, அக்காவை ஏமாத்துறதுண்ணே" என்றார். அதற்குப்பின் ரொட்டிக்காரனிடம்கூடக் கேள்வி கேட்காமல் நடந்தார். எனக்கே பொறுக்கவில்லை. அந்தத் தகரக் குரல் இல்லாமல் தெரு நன்றாக இல்லை.

வியாழன் வந்தது. பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் என் கூடத்தில் இறங்குவார்கள். காலையில் பெண்கள், மதியத்துக்குமேல் ஆண்கள். தண்ணீரைப் பற்றிச் சொல்லமாட்டேன், படிக்கிறவர்கள் சாப்பிட்டிருப்பீர்கள். பெண்கள் பக்கத்தில் ஒரே கூச்சலும் பாட்டும். சாமி வெளியே என் தின்பண்டக் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அன்று உபவாசம் விடலாம் என்பதால் என் மனைவி ஒரு ரொட்டியையும் கிண்ணத்தில் சாற்றையும் வைத்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துச் சாற்றில் தோய்த்தார். தோய்த்த கை அப்படியே நின்றது.

"அண்ணே, இதுல யாரு இருக்கா?"

"அயிலை மீன் சாமி."

"அயிலைக்குள்ள?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாறு வழிகிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பார்வை ஏறியது. "நான் சின்னதுலேருந்து இதைத்தானே தின்னேன்" என்றார். பிறகு சிரித்தார். வாரக்கணக்கில் காணாமல் போயிருந்த சிரிப்பு. ரொட்டியோடு எழுந்து ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. நேராகப் பெண்கள் பக்கத்துக் கதவு.

"உர்சாக்கா, வெளிய வாங்க."

உள்ளேயிருந்து ஒரு கிழவி, "சாமி, இது பொம்பளைங்க நேரம். கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க" என்றாள். அவர் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உர்சா ஈரத் தலையோடு வந்தாள். அவள் பின்னால் தொட்டித் தெருவே வந்தது.

"தொறங்க சாமி. எல்லாரும் உடுத்திட்டோம்."

"லூப்புஸ் என்ன சாப்பிடுவாரு?"

"என்ன கேள்வி இது? ரொட்டி, சாறு. சாறு இல்லாட்டி அவருக்கு இறங்காது."

"அவருக்கு முன்னாடி இந்தக் கடல்ல யாரும் போகலையா?"

"போகாம? அவரு சித்தப்பாவே போனாரு."

"சித்தப்பாவைத் தின்ன மீன் எங்க போச்சு?"

பின்னாலிருந்த கிழவி, "எங்க போகும், தொட்டிக்குத்தான்" என்றாள்.

"அந்தச் சாறை யாரு தின்னா?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் உர்சா, மெதுவாக.

"அப்ப லூப்புஸ் ஒடம்பு எதால ஆச்சு? மீனால. சித்தப்பாவால. இந்த ஊர்ல செத்தவங்க எல்லாராலயும். அவரு உசுரோட இருக்கும்போதே எல்லாம் கலந்த ஆளுதான். அப்படிப்பட்டவரு சாயங்காலம் தெருமுனையில வந்தா, நீங்க என்ன, யாருன்னு கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? எடது காலை இழுத்து இழுத்து வருவாரு. சத்தத்துலயே தெரியும்."

"ஒரு நாளாவது சித்தப்பான்னு நெனச்சீங்களா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். உர்சாவின் வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"கலங்கின தொட்டிலேருந்துதான் கடவுள் அவரை எடுத்தாரு. எடுத்து, அவரா மட்டும் ஆக்கி, உங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்துனாரு. ஒரு தடவை செஞ்சு காட்டிட்டாரு அக்கா. நீங்களே பாத்த சாட்சி. ரெண்டாந்தடவை மட்டும் ஆள் மாறிடுமா?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. உர்சா தலைமுடியைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி முடிகிறவரை பிழிந்தாள். சாமி கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள்.

"யோசிக்கணும் சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முக்காட்டு முனையில் முடிச்சு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. வாசலுக்கு வெளியே, தூண் நிழலில், அவிதுஸ் தன் மாணவர்கள் சிலரோடு நின்றிருந்தார். சும்மா காற்று வாங்க வந்தாராம். பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். உப்பளத்துக்காரர் ஒருவர் நடுவில் வியர்த்து, மூச்சு வாங்கி, கரை சேர்ந்தார். சாமி முன்வரிசையில் இல்லை. பின்னால் ஒரு தூணை ஒட்டி, கண்ணை மூடி, உதட்டை இறுக்கி நின்றார். பாடம் சொல்பவர் வாயசைத்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டவரே அவர்தான்.

உர்சா ஏறினாள். சந்தையில் விலை சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு சொல் பிசகவில்லை. கடைசி வரியின் வாசலில் நின்றாள்.

எங்கள் எல்லோர் விரலும் நெற்றிக்கு முன்னால் தயாராக இருந்தது. ஆயருடைய விரலும்தான். வெளியே யாரோ செருமினார்கள். அவிதுஸாகத்தான் இருக்க வேண்டும். ஆயரின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, தெருமுனையில் ஏதோ சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பதுபோல நின்றிருந்தாள்.

சொன்னாள். மீன் கூவுகிற முழுக் குரலில் சொன்னாள். 'இந்த' என்ற இடத்தில் அவள் கை நெற்றிக்குப் போகவில்லை. குனிந்து, தன் இடது தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

ஆயருக்கு ஒன்றும் புரியவில்லை. தொட்டித் தெருப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் நின்ற பக்கம் முழுவதும் பட்பட்டென்று இடது தொடையில் அடி விழுந்தது. அது ஆண்கள் பக்கம் தாவியது. உப்பளத்துக்காரர் அடித்தார், ரொட்டிக்காரன் அடித்தான், மூக்கைப் பிடித்த மணியக்காரர் அடித்தார், நான் மறுநாள் வரை வலிக்கும்படி அடித்தேன். நெற்றிக்கு முன்னால் காத்திருந்த ஆயரின் கை, போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் தயங்கி, கடைசியில் மெதுவாக இறங்கித் தன் இடது முழங்காலைத் தொட்டது. கூரை இடிந்ததோ என்று வெளியே நின்றவர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்களாம். அவிதுஸ் வரவில்லை. காற்று வாங்கி முடித்துவிட்டார்போல.

"அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார் ஆயர், தூணருகே வந்து. கொஞ்சம் தள்ளி நின்று மூக்கைத் தடவிக்கொண்டு, "ஆனா குளிச்சிட்டு வாங்க" என்றார். சாமிக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தார். நானும்தான், சொல்வதற்கு என்ன வெட்கம்.

உர்சா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். முக்காட்டு முனையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். இத்தனை வாரமும் அவளோடு மீன் வெட்டிய பழம் அது. கறுத்து, சுருங்கி, சாற்றின் நாற்றம் ஏறியிருந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். இந்த ஊரில் அவருக்குத் திரும்பி வந்த முதல் பழம். சாமி அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நன்றாக மோந்து பார்த்தார். ரோமாபுரியில் இப்படித்தான் மோந்து பார்ப்பார்களோ என்னவோ.

போகத் திரும்பியவள் நின்றாள்.

"சாமி, இன்னொண்ணு. எழுந்து வரும்போது எல்லாக் குறையும் சரியாயிடும்னு பாடத்துல சொன்னீங்கல்ல?"

"ஆமாக்கா."

"அவரு காலும் சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"அப்ப தெருமுனையில அவரு வர்ற சத்தத்தை நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

செரேனுஸ் சாமி சட்டைக்கை முடிச்சுக்குக் கையைக் கொண்டுபோனார். நிறுத்தினார். கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். பிறகு அதை ஊதித் தூசு தட்டி, அவள் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தார்.